நாற்பத்தேழாம் பக்கம்

கல்மண்டபம் பக்கத்துல ஒரு மாதா கோயில். அங்க ஒரே ஒரு பீரோதான் நூலகம். முப்பது வருஷமா அதோட சாவி டோரதி இடுப்புலதான். அங்க ஒரு வழக்கம் உண்டு: புத்தகத்தைத் திருப்பித் தர்றவங்க, பின் அட்டையில ஒட்டியிருக்கிற சீட்டுல, அடுத்து யார் படிக்கணும்னு பேரு எழுதி, ஏன்னு ஒரு வரியும் எழுதணும். டோரதி அதைப் பார்த்து அந்த வூட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பா. பேரு வந்தா மறுக்கக்கூடாது. கடையில எவனும் சீண்டாத புத்தகம்கூட இங்க கை மாறிக்கினே இருக்கும். மூட்டை தூக்குற செல்வநாதன், "அழுகை வரும், பஸ்ஸுல படிக்காத"ன்னு எழுதி ஒரு கவிதைப் புத்தகத்தை மூணு தெரு சுத்தவிட்டாரு!

இப்போ அந்த மூலையில ஸ்பீக்கர் பெட்டி வைக்கணுமாம். காலி பண்ணச் சொல்லிட்டார் ஃபாதர். "புத்தகம் இன்னா சோறா கேக்குது?"ன்னு முணுமுணுத்துகினே டோரதி மேல் தட்டுல கையை வெச்சா.

முதல்ல வந்தது மஞ்சள் அட்டை போட்ட சிறுவர் புனிதர் கதைகள். ஐயோ, அதைப் பார்த்ததும் மனசு எங்கேயோ போயிடுச்சு. அப்போ டோரதிக்குப் பத்து வயசு, தங்கச்சி ஜூடிக்கு ஆறு. கட்டிலுக்கு அடியில படுத்துகினு, மீனுங்க தலையைத் தூக்கி அந்தோணியார் பிரசங்கத்தைக் கேட்ட கதையைப் படிப்பாங்க. "அதுல வஞ்சிரம் இருந்துச்சாக்கா?"ன்னு ஜூடி தினமும் கேப்பா. "முன் வரிசையிலயே இருந்துச்சுடி"ன்னு இவளும் தினமும் சொல்லுவா.

அந்த ஜூடியோட பேசிப் பதினோரு வருஷம் ஆச்சு. அம்மா அடக்கத்தன்னிக்கு, எண்ணூர்லேர்ந்து வந்த ஜூடியோட ஆட்டோ, துறைமுகத்துக்கு வரிசையில நின்ன கன்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. அவ கல்லறைக்கு ஓடி வர்றதுக்குள்ள குழியை மூடிட்டாங்க. "மண்ணு போட்டப்புறம் வந்து இன்னா பண்ணப்போற?"ன்னு டோரதி ஊரே கேக்கக் கத்தினா. ஜூடி அப்படியே திரும்பிப் போனவதான். அதை நெனச்சா டோரதிக்கு இன்னிக்கும் சோறு இறங்காது. தங்கச்சி வேணும்தான், ஆனா முதல்ல அவ வரட்டும்னு ஒரு வீம்பு.

கீழ் தட்டுல, வரிசைக்குப் பின்னாடி, ஒரு பயணப் புத்தகம் கெடந்துச்சு. கப்பல் சமையல்காரர் ஒருத்தர் ரங்கூன், பினாங்குன்னு சுத்தினதை எழுதினது. அடக்கம் முடிஞ்ச அடுத்த மாசம் ஜூடி புருஷன் ஜெரி திருப்பிக் கொண்டாந்து கொடுத்தது. அன்னிக்கிருந்த கோவத்துல சீட்டைக்கூடப் பார்க்காம உள்ள தள்ளினது இவதான்.

இப்போ பின் அட்டையைப் பிரிச்சா. ஜூடியோட குண்டு குண்டு எழுத்து. "அடுத்து: டோரதி அக்கா. 47-ஆம் பக்கம் படி."

அந்தப் பக்கத்துல சமையல்காரருக்கு அம்மா செத்த சேதி வருது. அவரு கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வெளியில நங்கூரம் போட்டு, உள்ள போக முறை வராம நிக்குது. "கரை கண்ணுக்குத் தெரியுது. இறங்கத்தான் முடியல. மூணாம் நாள் போய் அம்மா குழி மண்ணைத்தான் தொட்டேன்"னு எழுதியிருந்தாரு.

டோரதி அப்படியே தரையில உட்கார்ந்துட்டா. ஊருக்கெல்லாம் வூடு வூடா சுமந்தவ, தன் பேருக்கு வந்ததைத் தானே ஒளிச்சு வெச்சிருக்கா! "பாவி, பாவி"ன்னு தலையில அடிச்சுக்கினு அழுதா. அப்புறம் மூக்கைத் துடைச்சுக்கினு, மஞ்சள் புத்தகத்துச் சீட்டுல "அடுத்து: ஜூடி. வஞ்சிரம் இன்னும் முன் வரிசையிலதான் கீது"ன்னு எழுதினா. ரெண்டு புத்தகத்தையும் பையில போட்டுக்கினு எண்ணூர் பஸ் ஏறினா.

திருவொற்றியூர் தாண்டினதும் லாரி வரிசை. பஸ்ஸு ஒரு மணி நேரம் அசையல. அன்னிக்கு ஜூடி ஆட்டோல எப்படித் துடிச்சிருப்பான்னு டோரதி ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கினே வந்தா.

ஜூடிதான் கதவைத் தொறந்தா. தலை பாதி நரைச்சிருந்துச்சு. அக்காவைப் பார்த்தா, அவ கையில இருந்த கப்பல் புத்தகத்தைப் பார்த்தா.

"ஒரு பக்கம் படிக்கப் பதினோரு வருஷமா?"

"லேட்டாயிடுச்சுடி"ன்னா டோரதி. மஞ்சள் புத்தகத்தை எடுத்து நீட்டினா. "வழியெல்லாம் லாரி."

ஜூடி மஞ்சள் புத்தகத்தை வாங்கி, நின்ன இடத்துலயே சீட்டைப் படிச்சா. புடவைத் தலைப்பால கண்ணைத் துடைச்சா.

"உள்ள வாக்கா"ன்னா. "இன்னிக்கு வஞ்சிரம்தான்."