தையல் பிரித்த படகுகள்

எனக்கு ஒல்லாந்து பாஷை தெரியும் என்று எங்கள் குப்பமே நம்பியிருந்தது. அப்படி நம்ப வைத்தவன் நான்தான். டச்சுக்காரர்களுடைய பழவேற்காட்டுக் கோட்டையின் சமையலறைக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் சுமந்தேன். அதில் நான் கற்றது நான்கு சொற்கள். தண்ணீருக்கு ஒன்று, சீக்கிரத்துக்கு ஒன்று, கழுதைக்கு ஒன்று. அங்கே கழுதை வளர்க்கவில்லை. அந்தச் சொல் எனக்கானது என்று தெரியவே ஒரு மாதம் பிடித்தது. நான்காவது 'யா'. ஆமாம் என்று அர்த்தம். இந்த நான்கையும் முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டுப் பேசிக்காட்டியே பத்து வருடம் கள்ளுக்கடையில் மரியாதையோடு இருந்தேன். தசரதன் இருக்கும்போது நமக்கென்ன என்பார்கள். நானும் மறுத்ததில்லை.

எங்கள் பிழைப்பு படகு. கப்பல்கள் கரைக்கு வர முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கோட்டைப் பண்டகசாலையில் கட்டி வைத்த பூத்துணிப் பொதிகளை நாங்கள்தான் அலையைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எங்கள் படகில் ஆணி கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்போம். அலை அடித்தால் வளைந்து கொடுக்கும், உடையாது. எல்லா அலைக்கும் வளைந்து கொடுக்கும் என்று சொல்ல முடியாது. வாடைக்காற்று எழும்பிய பிறகு சில நாட்களில் கடல் எதையும் விட்டுவைக்காது.

அந்த வருடம் வந்த புதுப் பண்டகசாலைத் துரை கடலைப் பார்க்கமாட்டார். கையிலிருந்த கடிகாரத்தைத்தான் பார்ப்பார். முள் அவர் குறித்த மணிக்கு வந்தால் படகு இறங்க வேண்டும். பொதி நனைந்து வந்தால் படகோட்டிக்குச் சவுக்கடி. ஐப்பசியில் ஒரு நாள், வேண்டாம் வேண்டாம் என்று எல்லாரும் சொல்லியும் கேட்காமல் இறக்கச் சொன்னார். முனியனின் படகு அலை முறிகிற இடத்தில் குப்புறக் கவிழ்ந்தது. மூன்றாம் நாள் முகத்துவாரத்துப் பக்கம் அவன் உடல் ஒதுங்கியது. புதைத்துவிட்டு வந்து குளிக்கக்கூட இல்லை, நாளைக்கு மறுபடி படகு வேண்டும் என்று கோட்டையிலிருந்து ஆள் வந்துவிட்டான்.

பதினோரு படகுக்காரர்களும் ஏரிக்கரையில் கூடினோம். படகோட்டிகளில் மூத்தவன் கோபால். அதிகம் பேசாதவன், அன்றைக்குப் பேசினான்.

"கடல் இறங்கலாமா கூடாதான்னு நம்மள்ல ஒருத்தன்தான் சொல்லணும். கடிகாரம் சொல்லக் கூடாது. இத்த தொரைகிட்ட போயி சொல்லணும்."

"யாரு சொல்றது?" என்று ஒருவன் கேட்டான்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பத்து வருட மரியாதை வாயை அடைத்துவிட்டது. "அதுக்கு இன்னா, நான் பேசறேன்" என்றேன். என் மனைவி எல்லம்மா பெண்கள் பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். கட்டிக்கொண்ட மறுவருடமே கண்டுபிடித்துவிட்டாள்.

மறுநாள் காலை கோபாலும் இன்னும் நான்கு பேரும் பின்னால் வர, நான் முன்னால் போனேன். துரை பண்டகசாலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கும்பிட்டேன். அவர் ஏதோ கேட்டார். நான் கடலைக் காட்டினேன், கையால் அலை மாதிரி செய்தேன், ஒருவன் மூழ்குவது மாதிரி நடித்தேன். துரை தலையை ஆட்டிவிட்டு நீளமாக ஒன்று கேட்டார். அவர் முகம் சாந்தமாக இருந்ததால் நல்லதுதான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "யா" என்றேன். இன்னொன்று கேட்டார். "யா." மூன்றாவதாக ஒன்று கேட்டார். அதற்குள் எனக்குத் தைரியம் வந்துவிட்டிருந்தது. "யா, யா" என்று இரண்டாகவே கொடுத்தேன். துரை எழுந்து என் தோளில் தட்டினார். நான் திரும்பி எங்கள் ஆட்களைப் பார்த்துச் சிரித்தேன்.

வெளியே வந்தபோது முனியனின் மனைவி இந்திராணி சுவரோரம் நின்றிருந்தாள். "இன்னா சொன்னாருண்ணா?" என்றாள்.

"ஒத்துக்கினாரும்மா" என்றேன்.

பின்னாலேயே மீரான் ஓடிவந்தார். அவர் மரைக்காயர் ஒருவரிடம் கணக்கெழுதுகிறவர். முதலாளியின் பொதிகளைப் பார்க்க வந்தவர் பண்டகசாலைக்குள்தான் இருந்திருக்கிறார். ஒல்லாந்து பாஷை நிஜமாகவே தெரிந்த மனிதர்.

"ஏன்யா தசரதா, உனக்குப் புத்தி கித்தி கலங்கிப்போச்சா? நாளைக்கு விடியறதுக்குள்ள பதினோரு படகும் வந்துடுமான்னு கேட்டாரு, 'யா'ன்னே. இனிமே ஞாயித்துக்கிழமையும் வேலை செய்வீங்களான்னு கேட்டாரு, அதுக்கும் 'யா'ன்னே."

"மூணாவது?" என்று கோபால் கேட்டான்.

மீரான் இந்திராணியைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "முனியன் செத்தது அவனோட தப்புதானேன்னு கேட்டாரு."

அதற்குத்தான் நான் இரண்டு யா கொடுத்திருந்தேன்.

யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. இந்திராணி மணலில் நடந்து போய்விட்டாள். நான் அவள் பின்னால் கொஞ்ச தூரம் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். பேச்சுக்குப் பேர்போனவன் நான்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். எல்லம்மா தொடையில் கயிறு திரித்தபடியே கேட்டாள். படகு தைக்கிற கயிறெல்லாம் எங்கள் பெண்கள் திரிப்பதுதான்.

"படவு வராதுன்னு சொன்னா சவுக்கெடுப்பான், இல்ல?"

"ஆமா."

"படவே இல்லன்னா?"

"பதினோரு படவு கண்ணெதிரே நிக்குதேமே."

"வருசத்துக்கு ஒரு தபா தையல் பிரிச்சி மறுபடியும் தைக்கிறதுதானே? இந்த வருசத்துத் தையல இன்னிக்கே பிரிச்சிட்டா?"

நான் வாயைப் பிளந்தேன். அவள் எழுந்து கோபால் வீட்டுக்குப் போனாள். யோசனை என்னுடையது என்று பிற்பாடு நான் இரண்டொரு இடத்தில் சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் பதினோரு படகின் தையலையும் பிரித்துவிட்டோம். ஆண், பெண், குஞ்சு குளுவான் எல்லாரும் உட்கார்ந்து கயிற்றை அறுத்தோம். மறுநாள் துரை கரைக்கு வந்தபோது படகுகள் இல்லை. பலகைகள் இருந்தன, வரிசையாக அடுக்கி. கூடவே மீரானையும் கூட்டி வந்திருந்தார். இந்தத் தடவை கோபால் பேசினான்.

"தையல் இத்துப்போச்சு சாமி. மறுபடியும் தைக்கணும்."

"எத்தினி நாள் ஆகும்னு கேக்கறாரு" என்றார் மீரான்.

"கயிறு திரிக்கணும். பொம்பளைங்களுக்குத்தான் தெரியும்."

துரை பெண்கள் பக்கம் திரும்பினார். அவர்கள் வரிசையாக உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு மெதுவாகக் கயிறு திரிப்பதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அக்கம்பக்கத்துக் குப்பங்களிலிருந்து படகு கொண்டுவரக் கோட்டை ஆட்கள் கிளம்பினார்கள். அவர்களுக்கு முன்னால் எல்லம்மாவும் நண்டு விற்கிற சூசையம்மாளும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் வந்துவிட்டிருந்தார்கள். கோட்டை ஆட்கள் போன ஊரில் எல்லாம் பலகைகள்தான் அடுக்கியிருந்தன. ஏழாம் நாள் கப்பல்காரர்கள் பொறுமை இழந்து தங்கள் ஆணிப்படகை இறக்கினார்கள். இரண்டாவது அலையில் அது மூழ்கிப்போனது. கோபாலும் வேறு சிலரும் கட்டுமரத்தில் பாய்ந்து போய் ஆறு மாலுமிகளையும் கரை சேர்த்தார்கள். நானும் போனேன். கட்டுமரத்திலிருந்து வழுக்கி விழுந்ததால், மாலுமிகளோடு என்னையும் சேர்த்துத்தான் இழுத்து வந்தார்கள். துரை கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரையும் மணலில் கிடத்தும்போது அவர் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

ஒன்பதாம் நாள் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். இந்தத் தடவையும் பேசுவதற்கு மீரான். அவருடைய முதலாளியின் பொதிகளும் கரையிலேயே கிடந்ததால் அவருக்கும் அவசரம். என்னை விட்டுவிட்டுப் போகத்தான் நினைத்தார்கள். துரை என்னைத்தான் தலைவன் என்று நினைத்துக்கொண்டு, நானும் வர வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். புறப்படும்போது எல்லம்மா என் வாயில் ஒரு பெரிய வெற்றிலைச் சுருளை அடைத்தாள்.

"திரும்பி வர்ற வரைக்கும் துப்பக் கூடாது" என்றாள்.

கோபால் மூன்று விஷயங்கள் சொன்னான். கடல் இறங்கலாமா என்று காலையில் எங்களில் ஒருவன் பார்த்துச் சொல்வான். அவன் வேண்டாம் என்றால் எந்தப் படகும் இறங்காது. அலையில் பொதி நனைந்தால் சவுக்கடி இல்லை. வேலையில் செத்தவன் வீட்டுக்குக் கோட்டை மூன்று வருடம் அரிசி கொடுக்க வேண்டும், அதுவும் முனியன் வீட்டிலிருந்து தொடங்கி.

மீரான் சொல்லச் சொல்லத் துரையின் முகம் சிவந்தது. அரிசிக்கு ஒரு வருடம் என்றார். கோபால் மூன்று என்றான். இரண்டில் நின்றது. சவுக்கு விஷயத்தில் ரொம்ப நேரம் வாதாடினார். நனைந்த பொதிக்கு யார் பொறுப்பு என்று மேஜையைத் தட்டினார்.

"கடலு" என்றான் கோபால். மீரான் அதை அப்படியே சொன்னார்.

வெளியே கப்பலிலிருந்து பீரங்கி ஒரு முறை வெடித்தது. புறப்பட வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார்கள் என்றார் மீரான். துரை பெருமூச்சு விட்டார். கடைசியில் என்னைக் கைகாட்டி ஏதோ சொன்னார்.

"எல்லாத்துக்கும் ஒத்துக்கறாராம். கடல் பாக்கற ஆளா இவனப் போட்டா" என்றார் மீரான்.

எனக்குப் பெருமையாக இருந்தது. வெற்றிலையோடு தலையாட்டப் போனேன். கோபால் என் பின்கழுத்தைப் பிடித்து நிறுத்தினான். "ஆள நாங்க பொறுக்கிக்கிறோம்னு சொல்லுங்க" என்றான். காகிதத்தில் ஒன்றும் ஓலையில் ஒன்றுமாக எழுதி, எல்லாரும் கீறல் வைத்தோம். என் கீறலின் மேல் வெற்றிலைச் சாறு சொட்டிவிட்டது. அது இன்றைக்கும் அந்த ஓலையில் இருக்கிறது. முத்திரை என்று நினைக்கிறவர்களும் உண்டு.

ஆளைப் பொறுக்க இரண்டு பானை வைத்தார்கள். ஒன்று கோபாலுக்கு, இன்னொன்று எனக்கு. ஆம், நானும் நின்றேன். துரையே கைகாட்டியவன் ஆயிற்றே. மூன்று நாள் வீடு வீடாகப் போனேன். வலையை இழுத்துக் கொடுத்தேன், அழுகிற பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டேன், கருவாட்டுக்குக் காக்கை விரட்டினேன். எல்லாரும் சிரித்து மோர் கொடுத்தார்கள். மோர் கொடுத்தவர்களையெல்லாம் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். ஆண்கள் ஆளுக்கொரு சிப்பி போட வேண்டும். செத்தவனுடைய சிப்பியை அவன் பெண்சாதி போடட்டும் என்று எல்லம்மா சண்டை போட்டு வாங்கியிருந்தாள்.

"உன் சிப்பி எனக்குத்தானேமே?" என்று காலையில் கேட்டேன்.

"நீதான் உசிரோட கீறியே, எனக்கு ஏது சிப்பி?"

"இருந்திருந்தா?"

"கோபாலுக்கு" என்றாள், யோசிக்காமல்.

என் பானையில் நான்கு சிப்பி விழுந்திருந்தது. ஒன்று நான் போட்டது. ஒன்று என் மச்சான் போட்டது. இரண்டு பேர் பானை மாறிப் போட்டுவிட்டதாக அப்புறம் வந்து வருத்தம் தெரிவித்தார்கள். கோபாலின் பானை நிரம்பி வெளியே சிந்தியிருந்தது. இந்திராணியும் வந்து முனியனின் சிப்பியை அதில்தான் போட்டாள். அதற்கு மட்டும் எனக்கு வருத்தமில்லை.

பெண்கள் கயிறு திரிக்கிற வேகம் ஓலை எழுதிய அன்றைக்கே திரும்பிவிட்டது. நான்கே நாளில் படகுகள் எழுந்து நின்றன. ஐந்தாம் நாள் காலையில் கோபால் இடுப்பளவு தண்ணீரில் நின்று கடலைப் பார்த்தான். துரையும் பின்னால் வந்து நின்றார், கடிகாரம் கையில் இருந்தது. சூரியன் ஒரு பனை உயரம் ஏறிவிட்டது. கோபால் திரும்பவில்லை. துரை கடிகாரத்தைப் பார்த்தார், கோபாலின் முதுகைப் பார்த்தார், பேசாமல் நின்றார். ரொம்ப நேரம் கழித்துக் கோபால் கையைத் தூக்கினான். படகுகளை இறக்கினோம்.

எனக்குக் கோபாலின் படகில் தண்ணீர் இறைக்கிற வேலை கொடுத்திருந்தார்கள். ஓலைப்பட்டையால் மொண்டு மொண்டு வெளியே கொட்ட வேண்டும். பேசிக்கொண்டே செய்ய முடியாத வேலை. அதனால்தான் கொடுத்தார்கள் என்று தெரியும். ஆனாலும் முதல் அலையைத் தாண்டினதும் சந்தோஷத்தில் பட்டையைக் கீழே வைத்துவிட்டு, துரை எப்படி வாய் திறக்காமல் நின்றார் பார்த்தீர்களா என்று ஆரம்பித்துவிட்டேன். இரண்டாவது அலை உள்ளே கொட்டிய தண்ணீர் அப்படியே நின்றது. அடியில் இருந்த பொதி ஊறிவிட்டது.

கப்பலில் அந்தப் பொதியை வாங்க மறுத்தார்கள். திருப்பிக் கொண்டுவந்து கரையில் போட்டோம். சிவப்புச் சாயம் மணலில் வழிந்து ஓடியது. துரை நடந்து வந்து பொதியின் பக்கத்தில் நின்றார். சவுக்குக்காரன் அவர் பின்னாலேயே வந்து நின்றான். படகோட்டியான கோபால் முன்னால் போய் நின்றான். நனைத்தது நான், அடி வாங்கப்போவது அவன். என்ன ஆனாலும் சரி என்று நானும் போய் அவன் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

துரை ஈரப் பொதியைப் பூட்ஸ் காலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். சவுக்குக்காரனிடம் ஏதோ சொன்னார். அவன் சவுக்கைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு கோட்டைக்கு நடந்தான். துரையும் போனார்.

எல்லம்மா கூட்டத்திலிருந்து வந்து கோபாலிடம், "பொதிய பிரிச்சி காய வெக்கலாமா, அண்ணா?" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நீ அந்தப் பக்கம் புடி" என்றாள்.

நான் பிடித்தேன்.