காதுக்குள் பாடியவன்

எங்கள் இசைக்குழுவுக்கு ‘நாளைக்கு மட்டம்’ என்று பெயர் வைத்தவன் ஹயாதோ. ஹச்சினொஹே துறைமுகத்துப் பள்ளிக்கூடத்தில் மட்டம் போட்ட மூன்று தறுதலைகள் சேர்ந்தால் வேறென்ன பெயர் வரும்? அவன் பாடினான், கிட்டார் வாசித்தான். சுகுரு டிரம்ஸ். நான் பேஸ் கிட்டார், அதாவது போஸ்டரில் ஓரமாக நிற்கிறவன். வருடக்கணக்கில் வேனிலேயே தூங்கி ஊர் ஊராக வாசித்தோம். ஒரு கார்ட்டூன் தொடருக்கு எங்கள் பாட்டு முகப்புப் பாட்டானது. ஒரு கோடை முழுக்க நாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதைப் பாடினார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மறந்தார்கள். போன குளிர்காலத்தில், கணவாய் மீன் பிடிக்க அலைதடுப்புச் சுவருக்குப் போன ஹயாதோவைக் கடல் பிணமாகத்தான் திருப்பிக் கொடுத்தது.

நிறுத்திவிடலாம் என்றேன். சுகுரு கேட்கவில்லை. பாடுவதற்கு இபுகி என்ற பெண்ணைக் கூட்டி வந்தான். மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்தவள், வெண்கலக் குரல். அவள் குரலுக்கும் ஹயாதோவின் குரலுக்கும் ஸ்நானப்பிராப்தி கூட இல்லை. அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்தது.

ஆனால் மாதங்கள் போகப் போக என்னவோ நடந்தது. ஹயாதோ பாதி வரியில் மூச்சு வாங்குவான், சைக்கிளில் மேடு ஏறுகிறவன் மாதிரி. அதே இடத்தில் இவளும் வாங்க ஆரம்பித்தாள். அவனைப் போலவே இடது தோள் தூக்கிக்கொண்டது. அவனுடைய வறட்டு இருமல்கூட வந்தது. முன்வரிசையில் பெண்கள் அழுதார்கள். நான் அவள் பக்கம் திரும்பாமல் வாசித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு குழுக்கள் வாசிக்கும் நிகழ்ச்சி, நாங்கள் கடைசி. கடைசியில் வாசிப்பவர்கள்தான் முதலில் ஒத்திகை பார்க்க வேண்டும் என்பதால் மத்தியானமே போய்விட்டோம். ஒத்திகை முடிந்ததும் இபுகி என்னிடம் வந்தாள்.

“அண்ணே, நேத்து அம்மாவுக்கு போன் பண்ணேன். ‘யாருங்க நீங்க’ன்னு கேட்டாங்க.”

“சிக்னல் சரியில்லாம இருந்திருக்கும்.”

“நான்தாம்மா, நான்தாம்மான்னு சொல்றேன், வெச்சுட்டாங்க. இன்னையோட நான் நின்னுக்கிறேண்ணே. எனக்கு என் குரல் வேணும்.”

கண் கலங்கவில்லை அவளுக்கு. அது இன்னும் பயமாக இருந்தது.

சுகுரு சிகரெட் பிடிக்க வெளியே போயிருந்தான். எங்களைப் போல வேகமாக வாசிப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. டிரம்ஸ்காரன் காதில் மட்டும் ஒரு ஒலிப்பதிவு ஓடும். டிக் டிக் என்று தாளம், நடுநடுவே குறிப்புச் சொல்லும் குரல். அவன் அதைக் கேட்டு அடிப்பான், மற்றவர்கள் அவனைக் கேட்டு வாசிப்போம். ஹயாதோவின் பழைய பதிவுகளை எடுத்துவிட்டு, இபுகிக்காக எல்லாவற்றையும் புதிதாகப் பதிவு செய்துவிட்டதாகச் சுகுரு சொல்லியிருந்தான். அவன் விட்டுப்போன இயர்போன் முரசின் மேல் கிடந்தது, ஒலிப்பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்துக் காதில் வைத்தேன்.

“இப்ப அமுக்கி வாசி. நான் மூச்சு வாங்கிக்கிறேன். ம், இப்ப வா.”

ஹயாதோ. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. கூடவே பாடவும் செய்தான். செத்தவன் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் சுகுரு இடம் விட்டு அடித்திருக்கிறான். பாடுகிற பிள்ளையால் வேறு எங்கே மூச்சு வாங்க முடியும்?

சுகுரு கதவருகே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“புதுசாப் பதிஞ்சேன்னு புளுகினியேடா.”

“பதிஞ்சேன். அதைக் கேட்டா கை ஓடல.”

“அந்தப் பொண்ணைப் பெத்தவளுக்கே அவ குரல் அடையாளம் தெரியல.”

“இவன் சொல்லாம எனக்கு அடிக்கத் தெரியாதுடா. பதினஞ்சு வயசுலேருந்து இவன் சொல்லித்தான் அடிக்கிறேன். இதை எடுத்துட்டா அவன் நெசமாவே போயிடுவான்.”

“போயிட்டான். இவளையும் சேர்த்து அனுப்பப் பாக்குறியா?”

அவன் இயர்போனை வாங்கி, சட்டையில் துடைத்து, மறுபடி காதில் மாட்டிக்கொண்டான். அவனை அறையத் தோன்றியது. அறையவில்லை. எனக்கும் இன்னொரு தரம் அந்தக் குரலைக் கேட்கவேண்டும் போலிருந்தது, அதுதான் வெட்கக்கேடு.

சாயங்காலம் கூட்டம் வந்தது. எந்தக் குழுவைப் பார்க்க வந்தீர்கள் என்று வாசலில் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள், குழுவுக்குப் பணம் அதை வைத்துத்தான். பாதிப் பேர் எங்கள் குழுவின் பெயரைச் சொல்லவில்லை, ஹயாதோ என்றார்கள். இபுகி அங்கேதான் நின்றாள்.

மேடையில் எல்லாம் அச்சுப் பிசகாமல் நடந்தது. அதே மூச்சு, அதே தோள். கண்ணை மூடினால் அவனேதான். கடைசியாகக் கார்ட்டூன் பாட்டு. முதல் சரணம் முடிந்ததும் இபுகிக்கு அந்த வறட்டு இருமல் வந்தது. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு திரும்பிச் சுகுருவைப் பார்த்தாள். தண்ணீரில் மூழ்குகிறவள் பார்வை அது. அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும். தலையைச் சிலுப்பினான். இயர்போன் கழன்று நெஞ்சில் தொங்கியது.

தாளம் கட்டவிழ்ந்து ஓடியது. சுகுரு தாறுமாறான வேகத்தில் அடித்தான், நான் தப்புத் தப்பாக வாசித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். இபுகி ஓரிடத்தில் வரியைத் தவறவிட்டாள், பிறகு கண்டபடி மூச்சு வாங்கிக்கொண்டு கத்திப் பாடினாள். சுருதி போனது. வெண்கலம் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பதிவை முந்திக்கொண்டு பாட்டு சீக்கிரமே முடிந்தது. கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் கூட்டம் வாயடைத்து நின்றது. அந்த அமைதியில் சுகுருவின் நெஞ்சில் தொங்கிய இயர்போனிலிருந்து சின்னக் குரல் கேட்டது.

“இன்னும் ஒரு சரணம் இருக்கு. எல்லாரும் சேர்ந்து வாங்கடா.”

இபுகிக்கும் அது கேட்டது. முகம் வெளுத்துப்போனாள். சுகுரு குச்சிகளை மடியில் வைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிவிட்டு ஹயாதோ தனியாகப் பாட ஆரம்பித்தான். முடிகிறவரை நாங்கள் மூவரும் அசையாமல் இருந்தோம்.