எத்தனை பேர், எத்தனை அடுப்பு

விசில் டீச்சருக்குக் கல்யாணமாகி இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஆறு மாடியும் நாற்பத்தெட்டு வீடுமாக நின்ற அந்தக் குடியிருப்பில் இது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று டீச்சர். இன்னொன்று ஐந்தாம் மாடியில் இருந்த லிப்டுக்காரர். மாப்பிள்ளை என்ற முறையில் அவருக்குத் தெரிந்துதானே ஆகவேண்டும்.

டீச்சருக்கு வயது ஐம்பத்தொன்று. பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. முதல் கணவர் இறந்து பதினாறு வருடமாகிறது. இரண்டாம் மாடியில் மகளோடு இருந்தார். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். கூட்டத்தில் வேறு யார் குரலும் எடுபடாது என்பதால் அந்தப் பதவி தானாக வந்து சேர்ந்தது. ஒருமுறை லிப்ட் பழுதானபோது பார்க்க வந்த ஆள், "நாலு நாளாகும்" என்றார். "நாலு நாளா? ஒரு தடவை ஆறு மாடியும் ஏறிப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்று டீச்சர் பாய்ந்தார். அந்த ஆள் மறுபேச்சில்லாமல் ஆறு மாடியும் ஏறி இறங்கி, மூச்சிரைக்க வந்து நின்று, "ரெண்டு நாள்ல முடிச்சுடறேன்" என்றார். டீச்சர் அங்கேயே கவிழ்ந்துவிட்டார். பிறகு ஐந்தாம் மாடியில் ஒரு வீடு காலியான செய்தியை லிப்டுக்காரர் காதில் போட்டது யார் என்று நாம் கேட்காமலிருப்பதே மரியாதை.

மகளின் சட்டப் பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று ஏற்பாடு. பரீட்சை முடிந்து எட்டு நாளாயிற்று. தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று, "அம்மா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று டீச்சர் ஒத்திகை பார்ப்பார். அதற்கு மேல் போக முடியாது, சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். லிப்ட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தும் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டித்தான் ஏறினார். கால் அப்படித் துறுதுறுத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்படித் தாண்டி வந்தவர், மூன்றாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மேல் விழப் பார்த்தார்.

அவள் கழுத்தில் அடையாள அட்டை, மடியில் பெரிய பை, கையில் பாதி கடித்த பிஸ்கட். ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

"என்னம்மா? ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லு."

"இதுதாங்க என் சத்தம்" என்று அவள் கிசுகிசுத்தாள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்தவள். மற்ற நாட்களில் நூலகத்தில் வேலை. பன்னிரண்டு வருடமாக அங்கே இருந்து அவள் தொண்டை அந்த அளவிலேயே நின்றுவிட்டது. "நாற்பத்தெட்டு வீட்டுல ஏழு வீடுதாங்க கதவைத் திறந்தாங்க. இன்னைக்குக் கடைசி நாள்."

"கதவுக்கு வெளிய நின்னு இதே குரல்லயா பேசினே?"

"ஆமாங்க."

"காத்தடிக்குதுன்னு நினைச்சிருப்பாங்க. எந்திரி."

டீச்சர் படிக்கட்டுக் கைப்பிடியில் சாய்ந்து, கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஊதினார். அடித்தளத்திலிருந்து மொட்டை மாடி வரைக்கும் அந்தச் சத்தம் ஏறி இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் துண்டோடு எட்டிப் பார்த்தார்கள். "எல்லாரும் கீழ வாங்க! அஞ்சு நிமிஷம்!"

கீழே தபால் பெட்டிகளுக்கு முன்னால் ஒரு கூட்டம் சேர்ந்தது. கதவைத் திறக்காததற்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. முதல் மாடியில் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒன்றாக, பதினோரு பேர். ஒரு வீட்டில் ஆறு பேருக்கு மேல் இருந்தால் வெளியேற்றிவிடுவார்கள் என்று யாரோ கொளுத்திப் போட்டிருந்தார்கள். கொளுத்திப் போட்டது யார் என்று விசாரித்தால் எல்லா விரலும் நாலாம் மாடி மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பியது.

"நான் கேள்விப்பட்டதைச் சொன்னேன்" என்றார் அவர்.

"மாத்திரை விக்கிறவர் கேள்விப்பட்டதை எல்லாம் வித்தா எப்படி?" என்றார் டீச்சர். "எல்லாரும் கேளுங்க. பஸ் ஏன் நம்ம தெருவுக்குள்ள வரலை? நான் போய்க் கேட்டேன். பழைய கணக்கெடுப்புத் தாளை எடுத்துக் காட்டினாங்க. இந்த பில்டிங்ல மொத்தம் அறுபத்தொரு பேராம்! அறுபத்தொரு பேருக்கு எதுக்குப் பஸ் ஸ்டாப்புன்னு கேக்கறாங்க. அன்னைக்கும் இப்படித்தான் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருந்தோம். மழையில முக்கால் மைல் நடக்கிறோமே, அந்த மீதிப் பேர் எல்லாம் ஆவியா?"

கூட்டம் கொஞ்சம் நெளிந்தது. நூலகத்துப் பெண் கேள்விப் படிவத்தை டீச்சரிடம் காட்டி ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?" என்றது கூட்டம்.

"நீங்க சொல்ற எதுவும் வெளிய போகாதாம். யாரையும் வெளியேத்தவும் மாட்டாங்களாம். எத்தனை பேர், என்ன வயசு, என்ன வேலை, எத்தனை அடுப்பு. அவ்வளவுதானாம்" என்று டீச்சர் சத்தமாகச் சொன்னார்.

மருந்துக்கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டார். "டீச்சர், இவ்வளவு பேசறீங்களே. எங்க எல்லார் முன்னாடியும் நீங்க முதல்ல பதில் சொல்லுங்க. கேக்கறது எல்லாத்துக்கும், ஒண்ணு விடாம. அப்புறம் நாங்க வரோம்."

"சொல்றேன்! எனக்கென்ன பயம்? சாயங்காலம் நாலு மணி, இதே இடம்!"

கைதட்டினார்கள். டீச்சர் வெற்றி வீராங்கனையாகப் படியேறினார். முதல் மாடி தாண்டினார். இரண்டாம் மாடியில் கால் நின்றது. அந்தப் பெண் காட்டிய தாளில் மூன்றாவது கேள்வி நினைவுக்கு வந்தது: திருமண நிலை.

வீட்டுக்குள் ஓடினார். மகள் இல்லை, தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். போன் போட்டார். மகளின் போன் பக்கத்து அறையில் மேசைமேல் கிடந்து மணியடித்தது. டீச்சர் ஐந்தாம் மாடிக்கு ஓடினார், இந்த முறை மும்மூன்று படியாக.

லிப்டுக்காரர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுக் கத்தியைக் கீழே வைத்தார்.

"கல்யாணமாகலைன்னு சொல்லிட முடியாதா?"

"உண்மையைச் சொல்லுங்க, உண்மையைச் சொல்லுங்கன்னு இப்பதான் விசில் ஊதிட்டு வந்திருக்கேன்!"

"அப்ப உண்மையைச் சொல்லிடுங்க டீச்சர்."

"லேசாச் சொல்லிட்டீங்க. என் பொண்ணு லாயருக்குப் படிச்சவ. கூண்டுல ஏத்திடுவா."

"ஏத்தட்டும். நானும் பக்கத்துல நிக்கறேன்." அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். "நீலச் சட்டை போடட்டுமா, வெள்ளையா?"

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவரும் சேர்ந்துகொண்டார். ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டு, பள்ளியில் முதல் பெஞ்சுக்குத் தெரியாமல் கடைசி பெஞ்ச் சிரிப்பதுபோல் குலுங்கினார்கள்.

நாலு மணிக்கு நூற்றுக்கும் மேல் ஆட்கள். படிக்கட்டு முழுக்கத் தலை. லிப்டுக்காரர் வெள்ளைச் சட்டையில் லிப்ட் கதவோரமாக நின்றார். நூலகத்துப் பெண், "இதைத் தனியாத்தாங்க கேக்கணும்" என்று எவ்வளவோ மன்றாடினாள். "என் பதில், என் வாய்" என்று டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மகள் வரும்வரை இழுத்தடிக்கலாம் என்று பெயரை மெதுவாகச் சொன்னார். வயதை இன்னும் மெதுவாகச் சொன்னார். அப்போது வாசலில் மகள் நுழைந்தாள். "என்ன கூட்டம்? அம்மா, என்ன பண்றீங்க?"

அந்த நேரம் பார்த்து நூலகத்துப் பெண் மூன்றாவது கேள்வியைக் கிசுகிசுத்தாள்.

"என்ன கேட்டாங்க?" என்றார்கள் படிக்கட்டில். "கேக்கலை!"

"கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டாங்க!" என்றார் டீச்சர், மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும் குரலில். "ஆயிடுச்சு! இருபத்து மூணு நாளாச்சு! அதோ, அவரோட!"

நூறு தலைகள் லிப்ட் பக்கம் திரும்பின. லிப்டுக்காரர் கையை உயர்த்தினார், வகுப்பில் வருகைப் பதிவுக்கு உயர்த்துவதுபோல.

பிறகு முதல் மாடித் தம்பி மனைவி, "அடியாத்தி!" என்று போட்ட கூச்சலில் குழந்தைகள் எல்லாம் காரணம் தெரியாமலே குதித்தன. டீச்சர் யாரையும் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார். மகள் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

"எப்ப?" என்றாள் மகள்.

"ஒரு வெள்ளிக்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரத்துல."

"என்ன டிரஸ்ல?"

"டிராக் சூட். அடுத்த பீரியட் ஓட்டப் பந்தயம் இருந்தது."

"சாட்சிக் கையெழுத்து யாரு?"

"லிப்ட் கம்பெனி ஆளுங்க ரெண்டு பேர்."

"லிப்ட் கம்பெனி ஆளுங்க!" மகளின் குரல் உடைந்தது. "அம்மா, நான் சட்டம் படிச்சவ. எங்கம்மா கல்யாணத்துக்கு ஒரு கையெழுத்து போடக் கூடவா நான் லாயக்கில்ல?"

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். டீச்சர் எழுந்து பின்னாலேயே ஓடப் போய், முதல் படியிலேயே நின்றுவிட்டார். லிப்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். நூலகத்துப் பெண் பேனாவைப் பிடித்தபடி, "அடுத்தது எத்தனை அடுப்புன்னு கேக்கணுங்க... அப்புறமா கேக்கட்டுமா?" என்றாள்.

மேலே எங்கோ கதவு திறக்கும் சத்தம், பாத்திரம் உருளும் சத்தம். மகள் இறங்கி வந்தாள். ஒரு கையில் லிப்டுக்காரரின் குக்கர், இன்னொரு கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கு இருந்த கிண்ணம், அக்குளில் அவருடைய தலையணை.

"கதவைப் பூட்டாம வந்திருக்கீங்க" என்று அவரைப் பார்த்துச் சொன்னாள். கண் சிவந்திருந்தது, ஆனால் உதட்டோரம் அம்மாவின் சிரிப்பு முளைத்திருந்தது. "இந்தக் கோபம் ஒரு வருஷம் இருக்கும். தினமும் ரெண்டு பேர்கிட்டயும் காட்டுவேன். அதுக்கு நீங்க ஒரே வீட்டுல இருந்தாத்தான் எனக்கு வசதி." நூலகத்துப் பெண் பக்கம் திரும்பினாள். "ரெண்டாம் மாடி. மூணு பேர். ஒரு அடுப்பு. எழுதிக்கோங்க."

டீச்சர் மகளைக் குக்கரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். உருளைக்கிழங்குகள் தரையில் ஓடின.

அதற்குப் பிறகு நடந்ததை யாராலும் தடுக்க முடியவில்லை. உண்மை சொன்னால் இவ்வளவு கொண்டாட்டமா என்று கூட்டத்துக்கு ஆசை வந்துவிட்டது. "நாங்க பதினோரு பேர்!" என்று முதல் மாடி அண்ணன் நெஞ்சைத் தட்டினார். "இல்ல, பன்னெண்டு!" என்றாள் தம்பி மனைவி, வயிற்றைத் தொட்டு. அதை அப்போதுதான் கேள்விப்பட்ட தம்பி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "பொறந்தாத்தாங்க சேர்க்க முடியும்" என்ற நூலகத்துப் பெண்ணின் குரல் யார் காதிலும் விழவில்லை. வயது நாற்பத்தெட்டு என்று ஊருக்கெல்லாம் சொல்லிவந்த மருந்துக்கடைக்காரர், "எனக்கு ஐம்பத்தாறு" என்று முணுமுணுத்தார்; "தலைமுடி முன்னாலயே சொல்லிடுச்சு அண்ணே" என்று மேலிருந்து பதில் வந்தது.

"நிறுத்துங்க!"

எல்லோரும் திடுக்கிட்டார்கள். கத்தியது நூலகத்துப் பெண். பன்னிரண்டு வருடச் சத்தம் மொத்தமாக வெளியே வந்திருந்தது. அவளே பயந்துபோய் வாயில் கை வைத்துக்கொண்டாள். "ரகசியம்னு சொன்னேனே! ஒவ்வொரு வீடாத்தான் வரணும்!"

அதற்கு வழி செய்தது லிப்டுக்காரர். லிப்டைக் கீழ்த்தளத்தில் நிறுத்தி, உள்ளே நாற்காலியும் சிறு மேசையும் போட்டு, விசிறியை ஓடவிட்டார். ஒரு வீட்டார் உள்ளே போக, கதவு மூடிக்கொள்ளும். மூன்று நிமிடத்தில் திறக்கும். வாசலில் டீச்சர் நின்று வரிசையைப் பார்த்துக்கொண்டார். ஆறாம் மாடித் தையற்காரம்மா மட்டும் உள்ளே இருபது நிமிடம் இருந்தார். வெளியூரில் வேலை பார்ப்பதாக அவர் சொல்லிவந்த கணவரை யாரும் பார்த்ததில்லை. வெளியே வந்தபோது முகம் கழுவியது மாதிரி இருந்தது. டீச்சர், "கிழங்கு உரிக்க ஆள் வேணும், வரீங்களா?" என்றார். அவர் வந்தார்.

ஏழு மணிக்குக் கடைசி வீடும் முடிந்தது. இருநூற்று ஏழு பேர். நூலகத்துப் பெண் இரண்டாம் மாடியில் சோபாவில் சாய்ந்து, தாள்களை அடுக்கும்போதுதான், "ஐயையோ, இதைக் கேக்க விட்டுப்போச்சே. குடும்பத் தலைவர் யாரு?" என்றாள். கத்தியதில் தொண்டை கட்டி, இப்போது உண்மையாகவே குரல் வரவில்லை.

"அவங்கதான்" என்றார் லிப்டுக்காரர், டீச்சரைக் காட்டி.

"அவர்தான்" என்றார் டீச்சர், அதே நேரத்தில்.

"ரெண்டு பேரும் யோக்கியதை இல்லாதவங்க" என்றாள் மகள். பேனாவை வாங்கித் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். "உறவு முறையை நான் சொல்றேன். இவங்க தலைவரோட அம்மா. இவர்..." சற்று நிறுத்தி, அவரை மேலும் கீழும் பார்த்தாள். வெள்ளைச் சட்டையில் உருளைக்கிழங்குக் கறையோடு அவர் விறைத்து நின்றார். "இவர் தலைவரோட அப்பான்னு எழுதட்டுமா?"

லிப்டுக்காரர் சமையலறைக்குப் போய்க் குக்கரை அடுப்பில் வைத்தார். மூடியைப் போட மறந்துவிட்டு, அதையே கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தையற்காரம்மா அதை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி மூடினார்.