பல்லில் கடித்த மீட்டர்

என் அம்மா முத்தம்மாள் ஏரியில் இறங்கிவிட்டால் வாய் திறக்க மாட்டாள். கரையில் அவள் பேச்சுக்கு ஊரே பயப்படும், அது வேறு கதை. தண்ணீரில் அவள் வாயில் பறி இருக்கும். பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற எங்கள் பெண்கள் எல்லாருக்கும் இதுதான் வழக்கம். தண்ணீரில் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்துகொண்டு இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். பனையோலையில் பின்னிய பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டால் அது மோவாய்க்குக் கீழே தொங்கும், அகப்பட்ட இறாலை உடனே உள்ளே போட்டுவிடலாம். நானும் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அப்படித்தான் பிடித்தேன். பக்கத்திலேயே நகர்ந்துகொண்டு நான் எது கேட்டாலும் அம்மாவிடமிருந்து ஒரு 'ம்' வரும். அதை இழுத்துச் சொன்னால் கரைக்குப் போ என்று அர்த்தம்.

போன வருஷம் அம்மாவுக்கு முன்பல் இரண்டு ஆட ஆரம்பித்தன. பொன்னேரியில் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பல்லால் இனி எதையும் தூக்கினால் முன்வரிசை முழுக்கப் போய்விடும் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார்.

"அவுரு வந்து பறிய புடிச்சினு நிப்பாராமா?" என்று பஸ்ஸில் வரும்போது அம்மா கேட்டாள். மறுநாள் கயிற்றைக் கடைவாய்க்கு மாற்றிக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டாள்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அன்றைக்கே, "நான் கம்பெனி வேலைக்குப் போறேன். பர்மனென்ட் ஆனதும் நீ கரையேறிடணும்" என்று சண்டை போட்டேன். அம்மா மறுக்கவில்லை, அதுவே எனக்குப் பெரிசாக இருந்தது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. டிராக்டரில் ஓட்டுகிறவர் முன்னால் வேகமும் டீசலும் காட்டுகிற சின்னத் திரை இருக்குமே, அது செய்கிற இடம். எங்கள் ஊர் சுண்ணாம்புக்குளத்துக்கே கம்பெனி பஸ் வரும். மூன்று மாதம் பார்ப்பார்கள், சரியாகச் செய்தால் பர்மனென்ட், இல்லாவிட்டால் வீட்டுக்கு.

எனக்குக் கொடுத்தது திரையின் வெளிச்சத்தை அளக்கிற வேலை. அதற்கு ஒரு மீட்டர் உண்டு, கையில் அடங்குகிற டார்ச் லைட் அளவுக்கு. முனையில் ரப்பர் வளையம், அதற்குள் சின்னக் கண்ணாடி, வளையத்தை ஒட்டி மணிக்கட்டில் மாட்ட ஒரு வார். எரிகிற திரைமேல் வளையத்தை ஒட்டவைத்துப் பொத்தானை அழுத்தினால் ஒரு எண் வரும். முந்நூறுக்கு மேலே இருந்தால் திரை பச்சைத் தட்டுக்குப் போகும், குறைந்தால் சிவப்புத் தட்டுக்கு. வெளி வெளிச்சம் படக்கூடாது என்பதற்காக மூன்று பக்கமும் கறுப்புத் துணி தொங்குகிற ஒரு தடுப்புக்குள் உட்கார்ந்து இதைச் செய்ய வேண்டும். ஏ.சி. அங்கே எலும்பு வரைக்கும் குளிரும்.

முதல் மாதம் பழகுவதிலேயே போனது. வேகம் கூடிய இரண்டாம் மாதத்தில் என் சிவப்புத் தட்டு நிரம்ப ஆரம்பித்தது. பக்கத்துத் தடுப்பில் நந்தினிக்கு ஒன்றிரண்டு கழிந்தால் எனக்குக் குவியல். கழித்ததை வேறு யாராவது மறுபடி அளந்து பார்த்தால் எல்லாம் நல்ல திரை.

பிலோமினா அக்காதான் எங்கள் லைனுக்குச் சூப்பர்வைசர். பழவேற்காட்டுக்காரர், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், சிரித்து யாரும் பார்த்ததில்லை. என்னைக் கூப்பிட்டு, நான் கழித்த ஒரு திரையை என் மீட்டரை வாங்கியே அளந்து காட்டினார். முந்நூற்று ஐம்பதுக்கு மேலே காட்டியது.

"நீ அளந்தப்ப இன்னா வந்துச்சு?"

"இருநூத்தி எழுபது. மீட்டர்தான்க்கா ஆளப் பாத்து மாத்திச் சொல்லுது" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா திட்டவில்லை. வேறு மீட்டர் கொடுத்தார். அதிலும் எனக்குக் குறைவாகவே வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு திரையாக வைத்தேன், சிவப்புத் தட்டுதான் நிறைந்தது. இன்ஜினியர் அந்தப் பக்கம் வந்தவர் என் காதுபடவே அக்காவிடம், "இந்தப் பொண்ணு சரிப்படாது மேடம், சனிக்கிழமையோட அனுப்பிடுங்க" என்றார். அம்மாவிடம் போட்ட சண்டையெல்லாம் நினைவுக்கு வந்தது. வேலை போனால் எந்த மூஞ்சியோடு அவளைக் கரையேறச் சொல்வது?

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா கறுப்புத் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து எனக்குப் பின்னால் நின்றார். "நான் இல்லன்னு நெனச்சிக்க, எப்பவும் போல செய்" என்றார். முதலில் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வைத்தேன். நாலைந்து திரை தாண்டியதும் கை தன்னால் ஓடியது. அளந்த திரையைக் கழற்றி எடுத்து, அடுத்ததை வைத்து, இரண்டு பக்கமும் வயரைச் செருகிக்கொண்டிருந்தேன். அப்போது அக்கா என் தோள் பக்கமாகக் குனிந்தார்.

"ஜமுனா, வாய்ல இன்னா?"

"ம்" என்றேன்.

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மீட்டரின் வார் என் பல்லுக்கு நடுவில் இருந்தது, மீட்டர் மோவாய்க்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்கே தெரியாது. வயர் செருக இரண்டு கையும் வேண்டும், மீட்டரை வைக்க மேசையில் இடம் இல்லை, மணிக்கட்டில் மாட்டினால் திரையில் இடித்துக் கீறும். கை இரண்டும் வேலையாக இருந்தால் மூன்றாவது சாமான் எங்கே போக வேண்டும் என்பது என் வாய்க்குத் தெரிந்திருக்கிறது.

அக்கா மீட்டரை வாங்கி ரப்பர் வளையத்துக்குள் விளக்கைக் காட்டினார். குளிர்ந்த கண்ணாடிமேல் என் மூச்சுப் பட்டு, பனி பிடித்த பஸ் ஜன்னல் மாதிரி மங்கிக் கிடந்தது. துணியால் ஒற்றி, ஈரம் காயக் கொஞ்சம் பொறுத்து, அதே திரைமேல் வைத்தார். முந்நூற்று ஐம்பத்திரண்டு.

கம்பெனிச் சாமானை எச்சில் பண்ணியதற்கு இப்போதே வெளியே போ என்பார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கம்மா பறி கடிக்கிறவங்களா?"

தலையாட்டினேன். அதற்குமேல் தாங்காமல் அழுதுவிட்டேன். அக்காவின் வீடு ஏரியைப் பார்த்தது. சின்ன வயசிலிருந்து எங்கள் பெண்கள் இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்திருக்கிறார். அந்த இடத்தில் வேறு யார் நின்றிருந்தாலும் என் வாயைப் பார்த்து முகம் சுளித்திருப்பார்கள். அவருக்கு அது என்ன வேலை என்று தெரிந்திருந்தது. அந்த ஒரு நொடிக்காக நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது.

அன்றைக்கு ஷிப்ட் முடிந்தும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. நான் கழித்த திரைகளை எல்லாம் இரண்டு பேருமாக உட்கார்ந்து மறுபடி அளந்தோம். பேச்சோடு பேச்சாக அம்மாவைப் பற்றிக் கேட்டார். ஆடுகிற பல், டாக்டர், கடைவாய், நான் போட்ட சண்டை, எல்லாவற்றையும் கொட்டினேன். மறுநாள் இன்ஜினியரிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது: "கண்ணாடில மூச்சு ஈரம் படிஞ்சிருக்கு சார். மீட்டர மாட்ட ஒரு எடம் குடுக்காம வுட்டது நம்ம தப்பு. பொண்ணு நல்லா செய்யுது, நான் பொறுப்பு."

திங்கட்கிழமை ஒரு வார் தைத்து எடுத்து வந்தார். ஸ்கூல் பை மாதிரி இரண்டு தோளிலும் மாட்டிக்கொள்வது, நெஞ்சுக்கு நேரே ஒரு கொக்கி. மீட்டர் அதில் தொங்கும், கண்ணாடி மூச்சுப் படாமல் வெளியே பார்த்திருக்கும். இப்போது லைனில் எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள். மூன்று மாதம் முடிந்து பர்மனென்ட் காகிதம் வந்த அன்று அக்கா எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். பிரித்தால் இன்னொரு வார். பழைய ஸ்கூல் பைகளின் பட்டையில் தடிமனாக, இரட்டைத் தையலில், கொக்கி பெரிசாக.

"இது மீட்டருக்கு ரொம்பப் பெருசுக்கா."

"இது உங்கம்மாவுக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை அம்மாவின் தோளில் மாட்டி, பறியைக் கொக்கியில் தொங்கவிட்டேன். "கரையேறுன்னு சொன்னவ, இப்ப நீயே மாட்டி வுட்றியா?" என்றாள். "பல்லு இருந்தாதான் என்னாண்ட சண்ட போடுவ" என்றேன். இரண்டு பேரும் இறங்கினோம். அம்மா உட்கார்ந்து நகர்ந்து, துழாவி, முதல் இறாலைப் பறியில் போட்டாள். பழக்கத்தில் வாய் இறுக மூடியே இருந்தது.

"எப்டிமா கீது?" என்று கேட்டேன்.

"ம்" என்றாள். பிறகு வாயில் ஒன்றும் இல்லை என்பது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். நின்று என்னைப் பார்த்தாள்.

"தோளு வலிக்கல. அந்தப் பிலோமினாவ ஒருநா கூட்டினு வா, நண்டுக் கொழம்பு வெச்சித் தரேன். இன்னா சாப்புடும் அது, காரம் தாங்குமா? நீ இன்னாடி அங்க தடவுற, அங்க வெறும் சேறு, இப்டி வா, எம் பக்கத்துல வா."

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவே இல்லை. இத்தனை வருஷம் அவளோடு தண்ணீரில் இருந்திருக்கிறேன். தண்ணீரில் அம்மா பேசி அன்றுதான் முதலில் கேட்டேன்.