சாய்ந்து பூத்த அவரை

அவரைக்கொடி சுவரோரம் கட்டிய வலையில் இருபதடி நீளத்துக்குப் படர்ந்திருந்தது. பூ மட்டும் இரண்டு முழ அகலத்தில், ஒரே ஒரு பட்டையாக இருந்தது. அதுவும் சாய்வாக. வலையின் இடது மேல்மூலையில் தொடங்கி வலது பக்கம் கீழே இறங்கி முடிந்தது, யாரோ அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெறும் இலை. உள்ளங்கை அகலத்தில் கறுத்த பச்சையாக ஆரோக்கியமான இலை. நோய் பிடித்த செடி பூக்காவிட்டால் புரிகிறது. இவ்வளவு தெம்பாக இருக்கும் செடி ஏன் கோடு போட்டுப் பூக்க வேண்டும்?

நான் வேலை செய்வது பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் குவாலிட்டி பிரிவில். பதினோரு வருடமாகத் தவறு கண்டுபிடிப்பதுதான் வேலை. அங்கே ஒரு பழக்கம் உண்டு. பீஸ் ஃபெயிலானால் யார் செய்தது என்று முதலில் கேட்கமாட்டோம். நல்ல பீஸையும் கெட்ட பீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் வித்தியாசம் என்று பார்ப்போம். சந்தேகம் வந்தால் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவோம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும்.

அப்படியே செய்தேன். எரு அதிகமானால் இலையாகவே போகும் என்பார்கள், ஆகவே ஒரு வாரம் எருவை நிறுத்தினேன். அடுத்த வாரம் தண்ணீரைக் குறைத்தேன். அதற்கடுத்த வாரம் வேரைச் சுற்றிச் சாம்பல் போட்டேன். கோடு அசையவில்லை. அதில் விட்ட பூவும் உருப்படவில்லை. பூ கொஞ்சமாக இருந்தால் அசுவினிப் பூச்சிக்கு வேறு போக்கிடம் இல்லையே, எல்லாம் அங்கேயே மொய்த்தது. தேறியது ஏழு காய்.

விதை எங்கள் கேண்டீனில் சமைக்கும் சென்னம்மாள் கொடுத்தது. உத்தனப்பள்ளிக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீட்டில் வருடாவருடம் எடுத்து வைத்த பழைய அவரை. காயின் விளிம்பில் ஊதா ஓடும். ஆடியில் ஊன்றினால் பனிக்காலத்தில்தான் காய்க்கும். அந்த நிலம் இப்போது குடோன். "நீ ஒருத்தியாச்சும் போட்டு வையிடி" என்று பதினோரு விதையை மாத்திரைக் கவரில் மடித்துக் கொடுத்தாள். ஒன்பது முளைத்தது.

ஏழு காயில் அடுத்த வருடத்துக்கு விதை தேறிவிடும், அதில்லை கவலை. ஊன்ற மண் வேண்டுமே. எங்கள் லேஅவுட்டில் வாசல் முதல் பின்சுவர் வரை எல்லா வீட்டிலும் சிமெண்ட். எங்கள் வாடகை வீட்டின் பக்கவாட்டில் மட்டும் இந்த இருபதடி மண் மிச்சம். கீழே முள்ளங்கியும் கொத்தமல்லியும், சுவரோரம் அவரை. அதன் மேல் வீட்டுக்காரர் திம்மப்பனுக்கு ஒரு கண். மாடி காலியாக இருந்தது. தையில் வரப்போகிறவர்களுக்குக் கார் இருக்கிறதாம்.

"ஏனம்மா, இதுல என்ன வருதுன்னு கட்டிக்கிட்டு அழற?" என்றார், கார்த்திகை தொடக்கத்தில் வாடகை வாங்க வந்தபோது. "கடையில பாக்கெட் அவரே விதை இருக்கு. அம்பது நாள்ல காய்க்கும். எந்த மாசமும் காய்க்கும். இது வெத்துக் கொடி."

"பனி விழட்டும் அண்ணா, காய்க்கும்."

"பனி விழுந்துட்டுதான் இருக்கு. உன் கொடிக்குத்தான் தெரியல." சிரித்துக்கொண்டே, "மார்கழி முடியறதுக்குள்ள கொடி முழுக்கக் காய்ச்சா இந்தப் பக்கம் வரவே மாட்டேன். இல்லன்னா வெட்டிட்டு சிமெண்ட் போட்டுடுவேன்" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "சொன்ன வாக்கு மாறாதீங்க" என்றேன்.

காரணம் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாட்களில் கம்பெனி பஸ் என்னை இறக்கிவிடும்போது இருட்டியிருக்கும், நேரே அடுப்படிக்குப் போய்விடுவேன். அன்று முள்ளங்கிக்குக் களை எடுத்துக்கொண்டே குந்தியிருந்தேன். அந்தி மயங்கி, மக்ரிப் பாங்கு முடிந்து கொஞ்ச நேரத்தில் எதிர்க் கம்பத்தின் எல்ஈடி விளக்கு தானாக எரிந்தது. சுவர் முழுக்க வெள்ளை வெளிச்சம். அதன் குறுக்கே சாய்வாக ஒரு நிழல். எங்கள் வீட்டின் வெளிப்பக்க மாடிப்படியின் நிழல். அது பூப்பட்டையின் மேல் விளிம்பு பிசகாமல் உட்கார்ந்திருந்தது.

நிழல் விழும் இடம் பூக்கிறது. வெளிச்சம் விழும் இடம் பூக்கவில்லை.

மறுநாள் கேண்டீனில் சென்னம்மாளிடம், "உங்க கொல்லையில ராத்திரி லைட் எரியுமா?" என்று கேட்டேன்.

"ஆமா, அவரைக்குக் கல்யாணம்னு சீரியல் பல்பு போட்டு வச்சிருந்தோம்" என்றாள்.

போனில் தேடிப் படித்தபோதுதான் முழுதாகப் புரிந்தது. பழைய அவரை குளிரைப் பார்த்துப் பூப்பதில்லை. இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கிறது. இலைதான் அதை அளக்கிறது. இருட்டு இத்தனை மணி நேரம் அறுபடாமல் நீண்டால் பனிக்காலம் வந்துவிட்டது, பூ விடலாம் என்று கணக்கு. நடுவில் வெளிச்சம் பட்டால் அளந்ததெல்லாம் வீண். விளக்கு விடிய விடிய எரிந்தால் கொடியைப் பொறுத்தவரை அது இன்னும் ஆடி மாதம்தான். பாக்கெட் விதைக்கு இந்தக் கணக்கு இல்லாதபடி செய்திருக்கிறார்கள், அதனால் அது எந்த மாசமும் காய்க்கிறது. என் கொடி முட்டாள் இல்லை. அதற்குத் தவறான தகவல் போய்க்கொண்டிருந்தது.

விளக்குக்கு ஒரு பக்கம் தகரம் அடிக்க முடியுமா என்று லேஅவுட் சங்கச் செயலாளர் ஹரீஷ்குமாரிடம் கேட்டேன். அவர் என்னையே பார்த்தார்.

"மேடம், இந்த லைட்டுக்கு நூத்திப்பத்து கையெழுத்து வாங்கினது யாரு?"

"நான்தான்."

"இருட்டுல வரோம், பயமா இருக்குன்னு மீட்டிங்ல சத்தம் போட்டது?"

"அதுவும் நான்தான்."

"இப்ப அவரைக்காய்க்கு இருட்டு வேணுமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் சொன்னது நியாயம். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்களுக்கு அந்த வெளிச்சம் ஒரு சொட்டும் குறையக் கூடாது. விளக்கைத் தொடக் கூடாது, கொடியை நகர்த்த முடியாது. மீதி இருப்பது நடுவில் உள்ள இடம்.

படியின் சிமெண்ட் பலகை ஒரு முழம். அதன் நிழல் இரண்டு முழம். அப்படியென்றால் படி விளக்குக்கும் சுவருக்கும் சரிபாதியில் இருக்கிறது. கண்ணுக்கு அருகில் பிடித்த விரல் எதிர் வீட்டையே மறைத்துவிடும் அல்லவா, அதே கணக்கு. படிக்குப் பக்கத்தில் எதைத் தொங்கவிட்டாலும் நிழல் இரண்டு மடங்கு. இருபதடிக் கொடிக்குப் பத்தடித் துணி போதும். மெல்லிய போர்வையில் வெளிச்சம் ஊடுருவும். வீட்டில் இரண்டு கெட்டி ஜமக்காளம் இருந்தது. படியின் கைப்பிடிக் கம்பியிலிருந்து வீட்டு முகப்புக்குக் கயிறு கட்டி இரண்டையும் போட்டேன். முதல் நாள் நிழல் ஓரடி தள்ளி விழுந்தது. ஏறி இறங்கி நான்கு முறை கயிற்றை மாற்றிக் கட்டினேன்.

கடையிலிருந்து வந்த என் கணவர் தௌசிப் வாசலிலேயே நின்றுவிட்டார். மக்ரிபுக்குப் பிறகு எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் துணி வெளியில் இருக்காது. பாங்கு சொல்வதற்குள் மொட்டை மாடியெல்லாம் காலியாகிவிடும். விளக்கு வைத்தபின் வெளியில் கிடந்த துணியை உடம்பில் போடக் கூடாது என்பார்கள். அவர் அம்மா கைக்குட்டையைக்கூட விடமாட்டார்.

"பாங்கு சொல்லியாச்சு. எல்லாரும் எடுக்குற நேரத்துல நீ போடுறியே மஹீன்?"

"உடுத்துற துணி இல்லீங்களே."

"பாக்குறவங்களுக்கு அது தெரியுமா? இப்பவே ரெண்டு பேர் கேட்டுட்டாங்க, உங்க வீட்டுல துணி எடுக்க ஆள் இல்லையான்னு."

"இருக்கா, எடுக்க மாட்டேங்கிறான்னு சொல்லுங்க."

அவர் கைகால் கழுவப் போனார். சாப்பிட்டு முடித்ததும், "காத்துல மடங்கிடும், கீழ ஒரு குச்சி சொருகு" என்றார்.

அதன்பின் இதே வேலை. பாங்குக்கு முன் வீடு சேரும்படி ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பக் கம்பெனியில் அனுமதி வாங்கிக்கொண்டேன். மாலையில் பாங்கு சத்தத்தில் மற்றவர்கள் மடித்த துணியோடு இறங்கும்போது நான் ஜமக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். பனியில் துணி காயப்போடும் ஒரே வீடு என்று தெருவில் பெயர் வந்தது. எதிர் வீட்டம்மா, "இன்னுமா காயல?" என்று கேட்பாள். "மார்கழி முடியணுங்க" என்பேன். காலையில் எடுக்கும்போது இரண்டும் தண்ணீர் குடித்துக் கல் மாதிரி கனக்கும். ஒரு நாள் காய்ச்சலோடும் ஏறினேன். பத்தொன்பதாம் நாள், இதுவரை இலை மட்டுமே இருந்த வலது மூலையில், கணுவுக்குக் கணு அரிசி அளவில் மொட்டு.

மார்கழி இருபத்திரண்டு, வெயில் இறங்கும் நேரம், திம்மப்பன் ஒரு மேஸ்திரியோடு வந்தார். மேஸ்திரி கையில் டேப். நான் கேட்டைத் திறந்துவிட்டு வழியிலேயே நின்றேன்.

"இன்னும் ஒரு வாரம் இருக்கு அண்ணா."

"அளந்து மட்டும் வச்சுக்கறேன்மா."

"அளங்க. கொடி மேல கை வைக்கக் கூடாது."

பக்கவாட்டில் திரும்பியவர் நின்றார். இருபதடியும் பூத்திருந்தது. பழைய கோடு எங்கே இருந்தது என்று எனக்கே காட்டத் தெரியாது. கொத்துக்குக் கொத்து, பூ உதிர்ந்த இடத்தில் விரல்நுனி நீளத்துக்குப் பிஞ்சு, அதன் விளிம்பில் ஊதா.

"பூ வேற, காய் வேற" என்றார் திம்மப்பன்.

"பிஞ்சை எண்ணிக்குங்க. ஒரு வாரம் கழிச்சு வந்து காயா எண்ணுங்க."

அவர் எண்ணத் தொடங்கினார். நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டார். ஒரு பிஞ்சைக் கிள்ளி விரலை முகர்ந்தார். மேஸ்திரி டேப்பின் நுனியைப் பிடித்தபடி, "அளக்கட்டுங்களா?" என்றார். திம்மப்பன் என் பக்கம் திரும்பினார்.

"என்ன மருந்தம்மா போட்ட?"

பாங்கு கேட்டது. எதிர் மாடியில் துணி எடுக்க ஆள் வந்தாயிற்று. நான் ஜமக்காளங்களைத் தோளில் எடுத்துக்கொண்டு படி ஏறினேன். பாதியில் நின்று சொன்னேன்.

"மருந்து எதுவும் இல்ல. சாயங்காலம் ஆறுக்கு இந்த ரெண்டு ஜமக்காளத்தையும் லைட்டுக்குக் குறுக்க போடுறேன். காலைல ஆறுக்கு எடுக்குறேன். பன்னெண்டு மணி நேரம் இருட்டு கெடச்சா காய்க்குது."