ஆனி மழையில் ஷிபான் சேலை

ஆனி பொறந்து மழை புடிச்சுச்சுன்னா ஊருல எல்லாரும் பெட்டியத் தொறந்து சுவெட்டர வெளிய எடுப்பாங்க. எங்க வீட்டுல மட்டும் அம்மா எல்லாத்தையும் உள்ள வச்சுப் பூட்டிருச்சு. என்னோட ரெண்டு சுவெட்டர், குரங்குத் தொப்பி, காலுறை, அத்தனையும் பெட்டிக்குள்ள போயிருச்சு. என்னையப் பொண்ணு பாக்க கொழும்புலருந்து ஆள் வருதாம்.

"சுவெட்டரப் போட்டா தோட்டத்துப் பொண்ணுன்னு தெரிஞ்சிரும்டி, கிருஷாந்தி"ன்னுச்சு அம்மா.

தலவாக்கலைக்கு மேல, நாலு பக்கமும் தேயிலை, நடுவுல வரிசையா ஒட்டிக் கட்டுன லயம், லயத்துல நாலாவது வீடு எங்களுது. வர்றவங்க இத ஏதோ கப்பலுன்னு நெனச்சுக்கப் போறாங்களாக்கும்!

சுவெட்டருக்குப் பதிலா ஹட்டன்ல போயி ஒரு ஷிபான் சேலை வாங்கியாந்துச்சு. ஊதுனா பறக்கும். அதுக்குக் கையே இல்லாத குறையா ஒரு ரவிக்கை. கொழும்புல இப்ப இதுதானாம். சொன்னது யாரு? தரகர் வீரய்யா. வருசத்துக்கு ஒரு தடவை கண்ணு காட்ட கொழும்புக்குப் போற மனுசன்.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் ஆசைதான். போட்டோவுல மாப்பிள்ளை தர்ஷன் சிரிச்ச சிரிப்பு புடிச்சிருந்துச்சு. வயசும் இருபத்தேழு ஆச்சு. இதுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் பலகாரத்தத் தின்னுட்டு, சொல்லி அனுப்புறோம்னு போனவங்கதான். இதாவது அமையணுமேன்னு முருகன வேண்டிக்கிட்டு, வாயப் பொத்திக்கிட்டு, அந்தக் கொசுவலைய சுத்திக்கிட்டேன்.

வந்தாங்க. சேத்துல வேன் ஏறல, கடைசி ஏத்தத்துல நடந்தே வந்தாங்க. அஞ்சடிக்கு அங்கிட்டு ஆள் தெரியாத மிஸ்டுல மாப்பிள்ளை கூலிங் கிளாஸ் போட்டிருந்தாரு. மேல வெள்ளச் சட்டை, உள்ள போட்டிருக்குற பெனியன்ல இருக்குற ஓட்டை வரைக்கும் தெரியுது. அவரோட அம்மா பட்டுல, கழுத்து நெறைய நகையோட.

"ஐயோ, இந்தக் குளிர்ல எப்பிடித்தான் இருக்கீங்களோ! நமக்கு இதெல்லாம் பழக்கமே இல்லப்பா. நாங்க பரம்பரையே கொழும்பு"ன்னாங்க அந்தம்மா. வீரய்யாவும் ஆமா ஆமான்னு தலையாட்டுனாரு. அந்தாளு எதுக்குத்தான் தலையாட்டல!

தேத்தண்ணித் தட்ட எடுத்துக்கிட்டுப் போனேன். கை நடுங்குது, கிளாஸெல்லாம் கலகலன்னு ஆடுது.

"பொண்ணுக்கு வலிப்பு கிலிப்பு ஏதும் இருக்கா?"ன்னாங்க மாப்பிள்ளையோட அம்மா.

"வெக்கங்க, வேற ஒன்னுமில்ல"ன்னுச்சு அம்மா.

வெக்கத்துல யாருக்காச்சும் பல்லு தந்தியடிக்குமா? நிமிந்து பாத்தா மாப்பிள்ளைக்கும் தாடை ஆடுது. அவருக்கும் ரொம்ப வெக்கம் போல.

அந்தம்மா ஒதடு நீலமாப் போச்சு. அப்பாவுக்குத் தாங்கல. ஆணியில தொங்குன கருப்புக் கம்பளிய எடுத்து நீட்டுனாரு.

"போத்திக்கங்கம்மா."

"ச்சே, இதெல்லாமா?"ன்னு மூஞ்சச் சுளிச்சாங்க. அப்பா அத அவங்க மடியில வச்சுட்டு வந்துட்டாரு. அந்த நேரம் பாத்து கதவத் தள்ளிக்கிட்டு ஒரு காத்து வந்துச்சு பாருங்க! அந்தம்மா கை தானா எந்திரிச்சு கம்பளிய ஒதறுச்சு. ஒரு மூலைய உள்ள மடிச்சு, தலையில கவுத்து, முதுகுல வழியவிட்டு, உச்சியில மட்டும் ரெண்டு மடிப்பு மெத்துன்னு வச்சு அமுக்குச்சு. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள கொங்காணி போட்டாச்சு. மழையில கொழுந்தெடுக்கப் போற பொம்பளைங்க மட்டுந்தான் இப்பிடிப் போடுவாங்க. உச்சி மடிப்பு, தலையில மாட்டுற கூடைக் கயிறு அறுக்காம இருக்குறதுக்கு.

அம்மா என் தொடையக் கிள்ளுச்சு, பேசாதன்னு. நானாவது பேசாம இருக்குறதாவது!

"அத்தை, கயிறு வைக்கிற எடத்துல மடிப்பு எம்புட்டு அழகா விழுந்திருக்கு! எந்தத் தோட்டத்துல கொழுந்தெடுத்தீங்க?"

கிண்டலுக்குக் கேக்கல, சத்தியமா. அட, இவங்களும் நம்ம ஆளுதான்னு அம்புட்டு சந்தோசம் எனக்கு.

"இறம்பொடை"ன்னுட்டாங்க. அப்புறந்தான் வாயில கை வச்சாங்க.

"அம்மா?"ன்னு தர்ஷன் திரும்பிப் பாத்தாரு. அவருக்கே தெரியாது போல, பாவம்.

"நேரமாச்சு, வேன்காரன் சத்தம் போடுவான்"னு எந்திரிச்சுட்டாங்க. வாசல்ல செருப்பு மாட்டுறப்ப தர்ஷன் என்னையப் பாத்து லேசா சிரிச்சாரு, போட்டோவுல மாதிரியே. அவங்கம்மா போட்ட கொங்காணியோட மழையில எறங்கி, அந்தச் சேத்துல ஒரு எடத்துலயும் வழுக்காம விறுவிறுன்னு போனாங்க. பரம்பரைக் கொழும்பாம்!

அடுத்த வாரம் கொழும்புக்குப் பக்கத்துல வத்தளைக்கு அவங்க வீட்டுக்கே போயிட்டு வந்து வீரய்யா தலையச் சொறிஞ்சாரு.

"வேணாங்குறாங்க. பொண்ணுகிட்ட தோட்டத்துப் பழக்கம் தெரியுதாம்."

எனக்கு வந்த கோவத்துக்கு அழுகையும் சேந்து வந்துருச்சு. அந்தாள எனக்கு நெசமாவே புடிச்சிருந்துச்சுங்க.

"அப்ப எங்கப்பா கம்பளியக் குடுத்தனுப்பச் சொல்லுங்க! தோட்டத்துப் பழக்கம் வேணாம், தோட்டத்துக் கம்பளி மட்டும் வேணுமா?"

"கேட்டேன் புள்ள. வழியிலயே தொலைஞ்சு போச்சுன்னு மகன் சொன்னாரு."

"நீங்களும் தலையாட்டிட்டு வந்தீங்களாக்கும்?"

வீரய்யா என் மூஞ்சியப் பாக்கல.

"ஆட்டுனேன். உள் ரூம்பு கதவு லேசாத் தொறந்திருந்துச்சு. அந்த வேக்காட்டுல, ஃபேனப் போட்டுக்கிட்டு, அந்தம்மா அதத் தலையோட போத்திப் படுத்திருந்துச்சு புள்ள."