சிவப்பு மணியின் பச்சைத் துளை

ஊரார் கண்ணுக்கெல்லாம் அளவெடுத்துக் கண்ணாடி போட்டுக் கொடுத்தவர் அவர். கடையை மகளிடம் விட்டுவிட்டு, லென்ஸும் கையுமாக வீட்டில் உட்கார்ந்து பழைய ஐரோப்பியக் கண்ணாடி மணிகளை ஆராய ஆரம்பித்தார். மனைவி அவருக்கு வைத்த பெயர் 'பூதக்கண்ணாடி'.

நானூறு மணிகள் இருந்தும் உயிர் என்னவோ ஒன்றின் மேல்தான். வெளியே சிவப்பு, துளைக்குள் பச்சை. இந்த ரகத்தில் உள்ளே வெள்ளை என்றால் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். பச்சை என்றால் ரொம்பப் பழசு, கிடைப்பதே அபூர்வம். அந்த ஒரு மணிக்காகப் பதினோரு வருஷம் மாய்ந்து மாய்ந்து கட்டுரை எழுதினார். இன்று காலை பத்து மணிக்கு அருங்காட்சியக அதிகாரி வந்து, அதை வாங்கிப்போய், இவர் பெயரோடு காட்சிக்கு வைக்கப்போகிறார். மனிதர் விடிந்ததுமே புதுச் சட்டை மாட்டிக்கொண்டாயிற்று.

'துளை அழுக்கை லேசா எடுத்து வைங்க' என்று அந்த அதிகாரி அம்மா சொல்லியிருந்தார். மணி சேர்ப்பவர்கள் துளையில் கை வைக்க மாட்டார்கள். பழைய அழுக்குதான் மணியின் வயசுக்குச் சாட்சி. இவரும் இத்தனை வருஷமாக வைத்ததில்லை. நூலை நனைத்து உள்ளே விட்டு இரண்டு இழுப்பு இழுத்தார். நூல் பச்சையாக வந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தால், பாதித் துளை பால் வெள்ளை.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள் மனைவி.

"இதை எதுல கோத்து உனக்குக் குடுத்தேன்?"

"நூல் அறுந்துக்கிட்டே இருக்குன்னு செம்புக் கம்பியில மாட்டிக் குடுத்தீங்க. பத்தொம்பது வருஷம் என் கழுத்துல கிடந்துச்சு. ஆராய்ச்சின்னு கழட்டி வாங்கினீங்களே, மறந்துபோச்சா?"

செம்பும் வியர்வையும் சேர்ந்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும். இது கூடவா தெரியாது என்று அவருக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. மிச்சப் பச்சை இன்னும் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு நீட்டினால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. நூலைச் சுருட்டிப் பையில் போட்டார்.

அதிகாரி வந்து, மணியைப் பஞ்சில் வைக்கப்போன நேரத்தில் இவர் நூலை எடுத்து அந்த அம்மா முன்னால் வைத்தார்.

"கட்டுரை தப்பும்மா. இது வெறும் களிம்பு." காதெல்லாம் சுட்டது அவருக்கு.

அதிகாரி நூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதையும் எழுதி அனுப்புங்க, சார். மத்தவங்க ஏமாறாம இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, வெறும் பெட்டியோடு கிளம்பினார்.

கதவைச் சாத்தித் திரும்பினால், மனைவி நைலான் நூலோடு நிற்கிறாள்.

"இப்ப இது சும்மா மணிதானே? போட்டு விடுங்க. இந்தத் தடவை கேட்டா குடுக்க மாட்டேன்."

அவர் இரண்டு முடிச்சாகவே போட்டார்.